சோயா சாஸ் முதல் கடல்பாசி வரை: கிழக்காசியச் சமையல் பொருட்களை வாங்குவதும் சமைப்பதும்

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு தந்தை நமக்காகக் காத்திருந்தார். கையில் துணிப்பை. அதற்குள் மூன்று பாட்டில்கள், ஒரு சிவப்பு டப்பா.

"ஹஜ்ரத், மக காலேஜ் படிக்கிறா. போன்ல பார்த்துப் பார்த்து கொரியா சமையல், ஜப்பான் சமையல்னு செய்யுறா. நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க உம்மா இதெல்லாம் அடுப்பங்கரைக்குள்ளயே வரக்கூடாதுங்குறாங்க. ரெண்டு பேருக்கும் தினமும் சண்டை. எது ஆகும், எது ஆகாதுன்னு நீங்க பார்த்துச் சொல்லிட்டா போதும்."

சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லியிருப்போம். அப்படிச் சொல்லி ஒருமுறை தவறியும் இருக்கிறோம். ஒரு தாய் போனில் அழைத்து, சோயா சாஸ் கூடுமா என்று கேட்டார். "புளிக்க வைத்துச் செய்வது, ஆல்கஹால் இருக்கும், விட்டுவிடுங்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட்டோம். அந்தத் தாய் பாட்டிலைக் கொட்டியதோடு நிற்கவில்லை. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஹராமை ஊட்டிவிட்டோமே என்று அழுதிருக்கிறார். அது நம் காதுக்கு வந்த பிறகுதான் சோயா சாஸ் எப்படித் தயாராகிறது என்று தேடிப் படித்தோம், மூத்த ஆலிம்களிடம் கேட்டோம், அந்தத் தாய்க்கு மறுபடி அழைத்துத் திருத்திச் சொன்னோம். மத்ரஸாவில் பானங்களின் பாடமும் அறுப்பின் பாடமும் ஓதியிருந்தோம். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது அந்தப் பாடத்தில் இல்லை. கூடாததைக் கூடும் என்பது எவ்வளவு பெரிய தவறோ, கூடுவதைக் கூடாது என்பதும் அவ்வளவு பெரிய தவறு.

அதனால் அந்தத் தந்தையிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டோம். அந்த வாரத்தில் படித்ததும், அதற்குப் பிறகு நம் வீட்டாரோடு சேர்ந்து சமைத்துப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை. 'ஆசியப் பொருட்கள்' என்று சூப்பர் மார்க்கெட்டில் எழுதி வைத்திருப்பது சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து, வியட்நாம், மலாய் நாடுகளின் பொருட்களை. நாமும் ஆசியாதான் என்பது கடைக்காரருக்கு மறந்துவிடுகிறது.

அடுப்பங்கரையில் முன்பே இருப்பவை

'இதெல்லாம் நம் வீட்டுக்குள் வரக்கூடாது' என்று சொல்லும் தாய்மார்கள் தங்கள் அஞ்சறைப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ தென்சீனாவிலும் வியட்நாமிலும் விளையும் மரத்தின் காய். வியட்நாமியர்களின் ஃபோ சூப்புக்கு வாசம் தருவது அதுதான். நோன்புக் காலத்தில் பால் ஊற்றிக் காய்ச்சும் கடல்பாசிக்கு நாம் சைனா கிராஸ் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். அகர் அகர் என்பது மலாய்ச் சொல். சபுர் போன பெரியவர்கள் பினாங்கிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் துணிமணியோடு சமையலையும் கொண்டு வந்தார்கள். அதேபோல இங்கிருந்தும் கொண்டுபோனார்கள். பினாங்கின் நாசி கந்தார், தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு விற்ற தமிழ் முஸ்லிம்கள் தந்த உணவு.

கடல்பாசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று பிள்ளைகள் விரும்பும் புட்டிங், ஜெல்லி, மார்ஷ்மெல்லோ எல்லாவற்றிலும் ஜெலட்டின் வருகிறது. ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தும், மாட்டின் தோல், எலும்பிலிருந்தும், மீனிலிருந்தும் எடுக்கப்படுகிறது. எது என்று பாக்கெட்டில் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடல்பாசியோ முழுக்கக் கடற்தாவரம். இராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் ஒரு வகையிலிருந்து இது தயாராகிறது. ஒரு லிட்டர் திரவத்துக்கு 10 கிராம் பாசி போதும். தண்ணீரில் முழுதாகக் கரையும்வரை கொதிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் பாலும் சர்க்கரையும் சேர்க்க வேண்டும். கரையாமல் பாலை ஊற்றினால் நூல் நூலாக நிற்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வரை சூடேறினால்தான் மறுபடி உருகும். அதனால்தான் ஃபிரிஜ் இல்லாத காலத்திலும் நம் உம்மம்மாக்கள் இஃப்தாருக்கு இதை வைக்க முடிந்தது. ஜெலட்டின் நம் ஊர் வெயிலுக்கு மேசையிலேயே இளகிவிடும். மாம்பழ புட்டிங், தேங்காய்ப்பால் ஜெல்லி என்று எந்தக் குறிப்பில் ஜெலட்டின் இருந்தாலும் அங்கே கடல்பாசியைப் போடலாம். சற்றுக் கெட்டியாக, நறுக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மாசி. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் அதே மாசிக் கருவாடு. சூரை மீனை அவித்து, புகையில் காட்டி, மரக்கட்டை போலக் காயவைத்தது. ஜப்பானியர்களின் கட்சுவோபுஷி கிட்டத்தட்ட இதேதான். உயர்ந்த ரகத்துக்கு அவர்கள் பூசணம் பிடிக்கவைத்து மேலும் காயவைக்கிறார்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளமான தாஷி என்ற சாறு இதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் வைத்துத்தான் எடுக்கப்படுகிறது. 1908-இல் கிகுனே இகேதா என்ற ஜப்பானிய விஞ்ஞானி அந்தக் கொம்புவை ஆராய்ந்துதான் குளுட்டமேட் என்ற ருசிப்பொருளைக் கண்டுபிடித்தார். அந்த ருசிக்கு அவர் வைத்த பெயர்தான் இன்று எல்லோரும் சொல்லும் உமாமி. 20 கிராம் மாசியைத் தட்டி ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் மெல்லிய தீயில் வைத்து வடிகட்டிப் பாருங்கள். நூடுல்ஸ் சூப்புக்கு அருமையான சாறு கிடைக்கும். புகை வாசம் ஜப்பான் சரக்கைவிடத் தூக்கலாக இருக்கும். இரண்டு துண்டு இஞ்சி போட்டால் அடங்கும்.

தாய்லாந்துச் சமையலில் கலங்கல் என்றும் மலாயில் லெங்குவாஸ் என்றும் சொல்வது நம் பேரரத்தை. காய்ந்தது எந்த நாட்டு மருந்துக் கடையிலும் உண்டு. பச்சைக் கிழங்கின் எலுமிச்சை வாசம் காய்ந்ததில் பாதிகூட இருக்காது. பச்சையாகக் கிடைத்தால் ஒரு துண்டைத் தொட்டியில் நட்டு வையுங்கள், இஞ்சி போல வளரும். பாண்டன் இலை வேறொன்றுமல்ல, ரம்பை. நர்சரியில் பிரியாணி இலைச் செடி என்று கேட்டாலும் தருவார்கள். பாஸ்மதிக்கு வாசம் தரும் அதே பொருள்தான் ரம்பையிலும் இருக்கிறது. தாய்லாந்துக் குறிப்புகளில் வரும் மக்ரூட் எலுமிச்சை இலைக்கு நம் நார்த்தை இலை ஏறக்குறைய ஈடு. நடு நரம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். மலாக்கா வெல்லத்துக்குக் கருப்பட்டி. மலாய் நாட்டின் கறுப்புப் புளூட் அரிசிக்குச் செட்டிநாட்டுக் கவுனி அரிசி. பெலாசான் என்ற இறால் விழுது கிடைக்காவிட்டால், சென்னாக்கூனியை எண்ணெய் இல்லாமல் வறுத்துப் பொடித்து, வரமிளகாயோடு அரைத்தால் சம்பலுக்குப் போதும்.

ஆக, பாதிப் பொருளுக்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது மீதிப் பாதியைத்தான்.

பாட்டில்கள்

தந்தை கொண்டு வந்த முதல் பாட்டில் சோயா சாஸ். சோயாவும் கோதுமையும் சேர்த்து ஒரு வகைப் பூசணத்தை வளர்த்து, உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பிழிவது பாரம்பரிய முறை. இதில் ஈஸ்ட் வேலை செய்வதால் சுமார் 2 சதவீதம் வரை ஆல்கஹால் தானாகவே உண்டாகலாம். மது தயாரிக்கும் நோக்கமில்லாமல், உணவு பதப்படும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் மதுவின் சட்டத்தில் வராது, அந்த உணவு நஜீஸும் அல்ல என்று மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011-இல் முடிவு செய்தது. வேறு பல உலமாக்களின் கருத்தும் இதுவே. நன்கு பழுத்த பழத்திலும், பொங்கிய தோசை மாவிலும்கூடச் சிறிதளவு இருக்கத்தான் செய்கிறது. போதை வரும் அளவுக்கு யாரும் சோயா சாஸைக் குடிக்கவும் முடியாது, அதற்குள் உப்பு ஆளைக் கொன்றுவிடும்.

ஆனால் சில ஜப்பானிய, கொரிய சோயா சாஸ்களில் கெடாமல் இருக்க ஆல்கஹாலைத் தனியாகச் சேர்க்கிறார்கள். சேர்த்திருந்தால் உட்பொருள் பட்டியலில் எழுதியிருக்கும். இதில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. நம் கருத்து, பக்கத்து பாட்டிலில் அந்தச் சொல் இல்லை என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம், விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது என்பதுதான். நம் ஊரில் மலிவாக விற்கும் சோயா சாஸ் பலவும் புளிக்கவைத்தவையே அல்ல. சோயாப் புரதத்தை அமிலத்தில் சிதைத்து, கேரமல் நிறம் சேர்த்தவை. ஆல்கஹால் பிரச்சினை இல்லை, ருசியும் இல்லை.

இரண்டாவது பாட்டில் மிரின். பார்க்கத் தேன் கலரில், இனிப்பாக, அப்பாவித்தனமாக இருக்கும். 'இனிப்புச் சமையல் சாஸ்' என்று நினைத்துத்தான் அந்தப் பெண் வாங்கியிருக்கிறாள். அசல் மிரின் என்பது ஒட்டரிசியையும் ஷோச்சு என்ற சாராயத்தையும் சேர்த்து ஊறவைத்தது. ஆல்கஹால் சுமார் 14 சதவீதம். இது சந்தேகத்துக்குரிய பொருள் அல்ல, தெளிவான மது. சாக்கே என்ற ஜப்பானிய அரிசி மதுவும், ஷாவோசிங் என்ற சீனச் சமையல் ஒயினும் இதே வகை. கடையில் இவை சாஸ் வரிசையிலேயே நிற்கும். ஷாவோசிங்கில் உப்புச் சேர்த்துச் 'சமையல் ஒயின்' என்று விற்பார்கள். உப்புச் சேர்த்ததால் மது மதுவாக இல்லாமல் போய்விடாது.

"சூடாக்கும்போது ஆவியாகிவிடும்" என்று அந்தப் பெண் தன் உம்மாவிடம் வாதாடியிருக்கிறாள். இணையத்தில் எல்லோரும் சொல்வதுதான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையைப் பாருங்கள். குழம்பில் சேர்த்துக் 15 நிமிடம் கொதித்த பிறகும் 40 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது. ஒரு மணி நேரம் கழித்து 25 சதவீதம். இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் 5 சதவீதம் இருக்கிறது. நூடுல்ஸை வாணலியில் புரட்டுவது மூன்று நிமிட வேலை. தவிர, ஆவியாகிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி. மதுவை விலைகொடுத்து வாங்கி வீட்டில் வைப்பது என்ற முதல் கேள்வியிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது.

மாற்று மிக எளிது. ஒரு மேசைக்கரண்டி மிரின் என்று இருந்தால், ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை, சில துளி வினிகர். ஷாவோசிங் கேட்டால் கோழி வேகவைத்த தண்ணீரும் கொஞ்சம் வினிகரும். கவிச்சி போகத்தான் சீனர்கள் ஒயின் ஊற்றுகிறார்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் அந்த வேலையைச் செய்துவிடும். தெரியாக்கி சாஸை பாட்டிலில் வாங்கினால் பெரும்பாலும் ஒயின் இருக்கும். வீட்டில் மூன்று கரண்டி சோயா சாஸ், இரண்டு கரண்டி கருப்பட்டிப் பாகு, நான்கு கரண்டி ஆப்பிள் ஜூஸ், இடித்த இஞ்சி, கடைசியில் கரைத்த சோள மாவு கொஞ்சம். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று வந்துவிடும். ஜப்பானியர் யாரும் சாப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்லவில்லை, நம் வீட்டுக்கு ஜப்பானியர் வராததும் ஒரு காரணம்.

அரிசி வினிகரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வினிகரை நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்டதும் பாராட்டியதும் ஹதீஸ்களில் வந்திருக்கிறது. மது தானாகவே வினிகராக மாறிவிட்டால் அது ஹலால் என்பதில் மத்ஹபுகளிடையே பிணக்கு இல்லை. எதையாவது சேர்த்து வேண்டுமென்றே மாற்றினால் ஹனஃபியில் கூடும், ஷாஃபிஈயில் கூடாது. மிரின் கலந்த 'சுஷி வினிகர்' தனி, அதைத் தவிருங்கள். சாதாரண வினிகரே போதும். இரண்டு கப் அரிசிச் சோற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. இதற்குச் சீரகச் சம்பா சரிவராது, ஒட்டாது. புதுப் பச்சரிசி ஓரளவு ஒட்டும்.

மூன்றாவது பாட்டில் ஆய்ஸ்டர் சாஸ். சிப்பிச்சாறு. 1888-இல் தென்சீனாவில் லீ கும் ஷியுங் என்ற கடைக்காரர் சிப்பியை வேகவைத்த தண்ணீரை அடுப்பில் மறந்துவிட்டார், அது வற்றிக் கெட்டிச் சாறாகிவிட்டது என்பது அதன் கதை. இங்கே பதில் வீட்டுக்கு வீடு மாறும். ஷாஃபிஈ மத்ஹபில் சிப்பி கூடும். ஹனஃபியில் கடல் உயிரினங்களில் மீன் மட்டுமே, சிப்பி கூடாது. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ, உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி என்று இருந்த காலம் போய், இப்போது தஞ்சாவூர் ராவுத்தர் வீட்டு மாமியும் கீழக்கரை மருமகனும் ஒரே சஹனில் சாப்பிடுகிறார்கள். காளான் கொண்டு செய்த 'வெஜிடேரியன் ஆய்ஸ்டர் சாஸ்' அதே அலமாரியில் கிடைக்கிறது, ருசியில் பெரிய வேறுபாடு இல்லை. கலந்த குடும்பங்களுக்கு அதுவே நிம்மதி. இறால் விஷயத்தில் ஹனஃபி உலமாக்களிடையே இறால் மீனா இல்லையா என்று கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் பலர் கூடும் என்றே சொல்லியிருக்கிறார்கள். எனவே இறால் விழுதில் உங்கள் வீட்டில் இறால் சாப்பிடும் வழக்கம் என்னவோ அதுவே.

மீன் சாஸ் பற்றிச் சந்தேகமே வேண்டாம். நெத்திலியும் உப்பும், ஒரு வருடம் போல ஊறி வடிந்த நீர். எல்லா மத்ஹபிலும் கூடும். பாட்டிலைத் திறந்தவுடன் வரும் வாசத்தைப் பார்த்து விலகிவிடாதீர்கள். கொதிக்கும் குழம்பில் இரண்டு கரண்டி விட்டால் வாசம் போய், ருசி மட்டும் நிற்கும். தாய்லாந்து மீன் சாஸ் பலவற்றில் அந்நாட்டு இஸ்லாமிய மத்தியக் கவுன்சிலின் ஹலால் முத்திரை இருக்கிறது.

சிவப்பு டப்பா, கோச்சுஜாங். மிளகாய்த்தூள், ஒட்டரிசி, புளித்த சோயா, உப்பு. அடிப்படையில் ஒரு பிரச்சினையும் இல்லை. கொரியாவில் கெடாமலிருக்க ஆல்கஹால் சேர்க்கும் வழக்கம் பரவலாக உண்டு, அந்த டப்பாவிலும் எழுதியிருந்தது. மிசோ விழுதிலும் இதே கதை. கொரிய முஸ்லிம் கூட்டமைப்பின் ஹலால் முத்திரையோடு வரும் டப்பாக்களும் இருக்கின்றன. தேடிக் கிடைக்காவிட்டால் மூன்று மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், இரண்டு வெல்லம், ஒன்று சோயா சாஸ், இரண்டு கரண்டி கெட்டி அரிசிமாவுக் கஞ்சி, ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு. அசலின் ஆழம் வராது. அவசரத்துக்குக் கைகொடுக்கும், ஃபிரிஜில் இரண்டு வாரம் இருக்கும்.

லேபிள் படிப்பது

இந்தியாவில் விற்கும் பாக்கெட்டுகளில் பச்சை வட்டமும் பழுப்பு முக்கோணமும் இருக்கும். இறக்குமதிச் சரக்கிலும் இறக்குமதியாளர் ஸ்டிக்கரில் இது இருக்க வேண்டும். பச்சை என்றால் மாமிசம், முட்டை, ஜெலட்டின், பன்றிக் கொழுப்பு எதுவும் இல்லை. நமக்கு அது பெரிய உதவி. ஆனால் பச்சைக் குறி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மிரின் பாட்டிலிலும் பச்சை வட்டம்தான் இருந்தது! அந்தப் பெண் ஏமாந்தது அதைப் பார்த்துத்தான். பழுப்புக் குறி இருந்தால் ஹராம் என்றும் ஆகாது. மீன் சாஸிலும் அதுதான் இருக்கும்.

நூடுல்ஸ் பாக்கெட்டில் நூடுல்ஸ் பெரும்பாலும் சாதாரணமானது, சிக்கல் மசாலாப் பொட்டலத்தில். மாட்டிறைச்சிச் சாறு, கோழிப் பொடி என்றால் அறுத்தது யார் என்ற கேள்வி வருகிறது. ருசியூட்டி 631, 635 என்ற எண்கள் இறைச்சியிலிருந்தும் வரலாம், மீனிலிருந்தும் வரலாம், மாவுச்சத்தைப் புளிக்க வைத்தும் வரலாம். பச்சைக் குறி இருந்தால் கவலையில்லை. 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். லார்ட் என்றால் பன்றிக் கொழுப்பு. மலாய், இந்தோனேசிய லேபிளில் பாபி, ஜப்பானியத்தில் புதா, கொரியனில் த்வேஜி என்றால் பன்றி. சீனத்தில் எந்த மிருகம் என்று சொல்லாமல் வெறுமனே 'இறைச்சி' என்று எழுதியிருந்தால் அது பொதுவாகப் பன்றிதான். கைபேசி கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடும் இந்தக் காலத்தில், எழுத்து தெரியவில்லை என்பது காரணமாகாது.

மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் முயிஸ், இந்தோனேசியாவின் அரசு முத்திரை (2022-இலிருந்து ஊதா நிறத்தில், வயாங் பொம்மலாட்டச் சின்ன வடிவில்) ஆகியவை நம்பத்தக்கவை. தயாரிப்பாளர் தானாக அச்சடித்த வெறும் 'ஹலால்' என்ற சொல்லுக்கு அந்த எடை கிடையாது. முத்திரைக்குப் பின்னால் எவ்வளவு நுணுக்கமான வேலை நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2001-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் ஒரு பெரிய நிறுவனத்தின் மோனோசோடியம் குளுட்டமேட் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதைத் தயாரிக்கும் நுண்ணுயிரிக்குக் கொடுத்த ஊட்டத்தில் பன்றியிலிருந்து எடுத்த நொதி பயன்பட்டிருந்தது. விற்பனைக்கு வந்த உப்பில் பன்றியின் தடயம் எதுவும் இல்லை என்று ஒரு தரப்பு சொல்ல, உலமாக் கவுன்சில் கூடாது என்றது. நிறுவனம் ஊட்டத்தை மாற்றிக்கொண்டது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து நாம் கண்டுபிடிக்க முடியாது, அதற்குத்தான் முத்திரை.

எங்கே கிடைக்கும்

சென்னைவாசிகளுக்குக் கவலை இல்லை. பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பர்மா பஜார் பக்கம் போனால் அத்தோ கடைகளே வழிகாட்டும். வாழைத்தண்டு சூப்போடு அத்தோவைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கொரியக் கம்பெனிகள் வந்த பிறகு கொரிய மளிகைக் கடைகளும் நகரில் வந்துவிட்டன. ஆனால் அவை கொரியர்களுக்கான கடைகள், ஒயினும் பன்றியும் சகஜமாக இருக்கும், பார்த்து எடுக்க வேண்டும். சீன முட்டைக்கோஸ், பாக் சோய், லீக்ஸ் போன்றவை ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளைகின்றன. பெரிய காய்கறிச் சந்தைகளில் 'இங்கிலீஷ் காய்' விற்பவரிடம் முதல் நாள் சொல்லிவைத்தால் கொண்டு வருவார். சிறிய ஊர்களில் இணையத்தில் வாங்கலாம், ஆனால் உட்பொருள் பட்டியல் படம் இல்லாத பொருளை வாங்க வேண்டாம். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சான்மாரிடம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா அலமாரியிலிருந்து இனிப்பு சோயா சாஸ் இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொல்லலாம். உடையாமல் வர, துணிக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

முளைப்பயறும் டோஃபுவும் வீட்டிலேயே ஆகும். பச்சைப்பயறை இருட்டில், மேலே ஒரு பாத்திரத்தின் கனம் ஏற்றி, தினம் மூன்று முறை தண்ணீர் விட்டு வடித்தால் நான்கைந்து நாளில் கடையில் விற்பது போலத் தடித்த முளை வரும். கனம் வைக்காவிட்டால் நூல் போல மெலிந்துவிடும். டோஃபு என்பது சோயாப் பாலில் செய்த பனீர். கால் கிலோ சோயாவை இரவு ஊறவைத்து, இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து, பொங்கவிட்டு பத்து நிமிடம் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டிக் கல் ஏற்ற வேண்டியதுதான்.

அடுப்பில்

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் மீ கோரெங் மாமாக் என்போம். மலேசியா, சிங்கப்பூரில் நம் மக்கள் சீன நூடுல்ஸை எடுத்து நம் கைப்பக்குவத்தில் புரட்டியது அது. சீனர் சமைத்தால் பன்றிக் கொழுப்பு, நம்மவர் சமைத்தால் எண்ணெய், மிளகாய் விழுது, உருளைக்கிழங்கு.

நான்கு பேருக்கு 300 கிராம் மஞ்சள் நூடுல்ஸ். முக்கால் பதம் வெந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு கரண்டி எண்ணெய் புரட்டி வைத்துவிடுங்கள். பத்து வரமிளகாயை ஊறவைத்து நான்கு பூண்டோடு அரைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, பொரித்த டோஃபு, இறால் அல்லது கோழித்துண்டு, முட்டைக்கோஸ், தக்காளி, இரண்டு முட்டை, ஒரு கை முளைப்பயறு எல்லாவற்றையும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே நறுக்கிக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். நம் குழம்புபோல அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்க நேரம் இருக்காது.

பெரிய இரும்பு வாணலி, முழுத் தீ. எண்ணெய் புகைய ஆரம்பித்ததும் மிளகாய் விழுது. எண்ணெய் பிரிந்த பிறகு இறால், பிறகு காய்கள், பிறகு நூடுல்ஸ். இரண்டு கரண்டி சாதா சோயா, ஒரு கரண்டி இனிப்பு சோயா, இரண்டு கரண்டி தக்காளி கெச்சப் ஆகியவற்றை நடுவில் ஊற்றாமல் வாணலியின் ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள், சூட்டில் பட்டு லேசாகக் கருகும் அந்த வாசம்தான் கடை வாசம். இனிப்பு சோயா இல்லாவிட்டால் சாதா சோயாவில் கருப்பட்டி கரைத்தது போதும். ஓரமாக ஒதுக்கி முட்டையை உடைத்துக் கிளறி, முளைப்பயறைக் கடைசியில் போட்டு இரண்டு புரட்டு. எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள்.

நம் வீட்டில் முதல் முறை இது களியாகிவிட்டது. காரணம், எட்டுப் பேருக்கும் ஒரே வாணலியில் போட்டோம். சூடு இறங்கி, காய் தண்ணீர் விட்டு, நூடுல்ஸ் வெந்து குழைந்தது. இரண்டு பேருக்கு ஒரு தடவை என்று பிரித்துச் செய்யுங்கள். எள்ளெண்ணெய் கேட்கும் குறிப்புகளில் நம் நல்லெண்ணெயை ஊற்றிப் பொரிக்க வேண்டாம். அவர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது, இறக்கிய பிறகு அரைத் தேக்கரண்டி வாசத்துக்கு விடுவது. கையில் இல்லையென்றால் ஒரு கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து இடித்துத் தூவலாம். திறந்த சோயா சாஸ் பாட்டில் ஃபிரிஜில் இருக்கட்டும், வெளியே இருந்தால் கறுத்து வாசம் போய்விடும்.

அந்தத் தந்தையின் பையில் மிரின் மட்டும் சாக்கடைக்குப் போனது. கோச்சுஜாங் தீர்ந்ததும் முத்திரை உள்ளதாக வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அவர்கள் ஷாஃபிஈ என்பதால் சிப்பிச்சாறு அலமாரியிலேயே இருக்கிறது. மகளும் உம்மாவும் சேர்ந்து செய்த மீ கோரெங் ஒரு டிபன் பாக்ஸில் அடுத்த ஜும்ஆவுக்கு வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது, தனியாகப் போடுவதற்கு முன் ருசி பாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.